செத்த திருடனோட சட்டை

கால நீட்டி வை, ஓவியா. முழங்காலத் தொடாத, வீங்கிக் கெடக்கு. அத்தை கதை சொல்றேன், "ம்" கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு காவக்காரன். எந்த ஊரா? உன் முழங்காலுதான். சிரிக்காத. அவன் பேரு முத்தையன். கண்ணு தெரியாது, கைதான் அவனுக்கு எல்லாம். உள்ள பூந்துர்ற கிருமித் திருடனுங்க முரட்டுச் சட்டை ஒண்ணு போட்டிருப்பானுங்க. நம்ம ஊர்ல அந்தச் சட்டை யாருகிட்டயும் கெடையாது. கையில அது பட்டுச்சோ, மோளத்த எடுத்து டம் டம் டம்னு அடிச்சுருவான். யாரு, ஏன்னு கேக்கவே மாட்டான், அவசரக்காரன்.

"ம்."

நீ சைக்கிள்லேருந்து விழுந்தியே, அப்போ ஊரு வாசல் பிஞ்சு போச்சு. முத்தையன் ஓடிப்போய்த் தடவுறான். மொதல்ல மண்ணு. சரி, கெடக்கட்டும். அப்புறம் பிசுபிசுன்னு ரத்தம். ஐயோ, நம்மாளு. மூணாவதா முரட்டுச் சட்டை! டம் டம் டம்!

அப்போ ரத்தம் ஓடுற ரோடெல்லாம் அகலமாச்சு. தண்ணி குபுகுபுன்னு பாஞ்சுது. ஊரே செவந்து, கொதிச்சு, உப்பிப் போச்சு. சேவகனுங்க திபுதிபுன்னு வந்தாங்க. மொத ஆளு அவன் தம்பி வெள்ளையன். ரெண்டு பேரும் ஒரே எலும்புக்குள்ள பொறந்தவங்க.

"திருடன் எங்கண்ணே?"

"அந்தா, வாசல்ல!"

கொண்டு வந்த திராவகத்துல கொஞ்சம் ஊத்தி, லபக் லபக்னு திருடனுங்கள முழுங்கித் தீத்துட்டான் வெள்ளையன்.

"ம்..."

அதோட முடிஞ்சிருக்கலாம். முடியலையே. முத்தையன் கையில மறுபடியும் சட்டை பட்டுச்சு. செத்தவனோட கிழிசல் அது. உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு அந்தக் கைக்குத் தெரியாது, பாவம். டம் டம் டம்!

"அண்ணே, இங்க யாருமே இல்லண்ணே."

"சட்டை இருக்குடா! ஊத்துடா!"

அண்ணன் சொன்னா தம்பி கேப்பான்ல? மிச்சம் வச்சிருந்த திராவகத்த எல்லாம் சளசளன்னு கொட்டினான். நம்மாளுங்க வீடெல்லாம் பொசுங்கிச்சு. வெள்ளையனும் அதுலயே விழுந்துட்டான்.

அப்புறம் முத்தையன் தடவிக்கிட்டே வந்தான். மெத்துன்னு ஒண்ணு பட்டுச்சு. தம்பி. மூஞ்சியத் தடவித் தடவி அழுதான். "நீ சொன்னதக் கேட்டிருக்கலாமேடா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே"ன்னு பொலம்பினான். மோளத்தத் தூக்கி எறிஞ்சுட்டான்.

"இனிமே அடிக்கவே மாட்டானா, அத்தை?"

அப்படித்தான் அவனும் நெனச்சான். ஆனா வாசல்ல இன்னொரு சட்டை பட்டுச்சு. செத்தவனோடதா, உசுரோட இருக்கிறவனோடதா, தெரியல. அடிக்காம விட்டு, உள்ள உசுரோட ஒருத்தன் இருந்துட்டா, ஊரே போயிரும். மோளத்தத் தேடி எடுத்தான். இந்தத் தடவ ஓடி வரப்போறது யாரு வீட்டுத் தம்பியோன்னு அழுதுக்கிட்டே அடிச்சான். டம்... டம்... டம்...

கதை படுத்துக்கிச்சு, நீயும் கண்ண மூடு.