வாசலுக்குப் பெரிய படகு

பிராணிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், முக்குளிப்பானுக்கு முக்குளிக்கத் தெரியாது. அந்தப் பெயரும் அப்போது அதற்கு இல்லை. கரைக்கோழி என்றுதான் மற்றவர்கள் கூப்பிட்டார்கள். நெடுங்கரை ஏரியின் ஓரத்தில் மண்சுவர் எழுப்பி, கோரையாலும் சம்புத் தட்டையாலும் கூரை வேய்ந்து, குறுகலாக ஒரு வாசல் வைத்து அது குடியிருந்தது.

அந்தக் கரையில் செம்பாயி என்றொரு கரைக்கோழி இருந்தாள். கழுத்து செம்பு நிறம், உடம்பு ஒரு கைப்பிடி. "உடம்புதான் கைப்பிடி, வாய் ஏரி அகலம்" என்று கொக்கு சொல்லும். அப்படிச் சொல்லக் கொக்குக்குக் காரணம் இருந்தது. கொக்கு முதலையிடம் வேலை பார்த்தது.

அந்த ஏரி முதலையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறிக் கரை முழுகும்போது எல்லோரும் ஏரியின் நடுவிலுள்ள மேட்டுத் திட்டுக்குப் போயாக வேண்டும். பறவைகள் எப்படியோ சிறகடித்துப் போய்விடும். முட்டைகளுக்குச் சிறகு இல்லை. முதலைதான் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்த் திட்டில் விடும். அதற்குக் கூலி வீட்டுக்கு ஒரு முட்டை. முதலில் இட்ட முட்டையாக இருக்க வேண்டும். பெற்றவளே அதைக் கொண்டுவந்து முதலையின் வாயில் வைக்க வேண்டும்.

"நான் என்ன கேக்குறேன்? ஒண்ணே ஒண்ணு. மிச்சத்தை உங்களுக்கே விட்டுத்தானே வைக்கிறேன்?" என்று முதலை மனம் நொந்ததுபோலக் கேட்கும். கரையே தலையாட்டும். தங்கள் முட்டைகளைத் தங்களுக்கே விட்டுவைத்ததற்காக நன்றி சொல்லிப் பழகியவர்கள் அவர்கள்.

செம்பாயி மூன்று வருஷம் மூன்று முட்டைகளை அந்த வாயில் வைத்தாள். மூன்றாவது முட்டையை வைத்த பிறகு அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் நாவல் மரத்தடியில் கூட்டம் போட்டாள். "இந்த வருஷம் ஒருத்தரும் கொடுக்க வேண்டாம். எல்லாரும் சேர்ந்து மாட்டேன்னு சொன்னா அவனால என்ன பண்ண முடியும்?" என்று கேட்டாள். எல்லோரும் சிறகைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டு நாமக்கோழி இரண்டு சிறகையும் தூக்கினாள். மறுநாள் காலையில் முதலையின் எதிரே போய் நின்றபோது செம்பாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கரை நெடுகக் காற்றுதான் இருந்தது. நாமக்கோழிக்குக் கால்வலி என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள்.

முதலை அவளைக் கடிக்கக்கூட இல்லை. "தனியாவா வந்திருக்கே, பாவம்" என்றது. கடித்திருந்தால்கூட அவள் மறந்திருப்பாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் செம்பாயி நான்கு முட்டை இட்டாள். முதல் முட்டையைக் காலால் மெல்ல உருட்டித் தன் நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"இதைக் குடுக்க மாட்டேன்."

காத்தான் அதிகம் பேசாதவன். "பின்னே எப்படித் திட்டுக்குப் போறது?" என்றான்.

"படகு செய்யலாம்."

காத்தான் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீரில் மரம் பட்டால் தண்ணீர் கெட்டுப்போகும், ஆகையால் கரையில் யாரும் மரம் செதுக்கக் கூடாது என்று முதலை உத்தரவு போட்டிருந்தது. கொக்கு அதைக் கரை முழுக்கத் தண்டோரா போட்டிருந்தது.

"கரையில செதுக்கத்தானே கூடாது? வீட்டுக்குள்ள செதுக்குவோம்" என்றாள் செம்பாயி.

மரங்கொத்தியான கொண்டை ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் வீட்டுக்குள் தலையை நீட்டி, சுவருக்குச் சுவர் பார்த்து, அலகைச் சொறிந்துகொண்டார்.

"செய்யலாம் தாயி. ஆனா நான் கொத்துனா சத்தம் வருமே. எனக்கு மெதுவாக் கொத்தத் தெரியாது. எங்க அப்பனுக்கும் தெரியாது."

சத்தத்தை மறைக்கச் சத்தம்தான் வேண்டும். செம்பாயி தவளைகளிடம் போனாள். தவளை முட்டையை முதலை சீந்துவதில்லை. அவர்கள் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வந்தார்கள். பகலெல்லாம் அவள் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து தொண்டை புடைக்கக் கத்தினார்கள். உள்ளே ஆசாரி தலையில் கொண்டை ஆட ஆடக் கொத்தினார்.

"இன்னும் மழையே வரலை, அதுக்குள்ள என்ன கச்சேரி?" என்று கொக்கு வந்து கேட்டது.

"ஒத்திகை" என்றது கிழட்டுத் தவளை ஒன்று.

புன்னைக் கட்டையில் அடிமரம் போட்டார்கள். விலாக்கட்டைகளை வளைத்து நிறுத்தினார்கள். பலகைகளில் துளை போட்டுத் தேங்காய் நார்க்கயிற்றால் இறுக்கித் தைத்தார்கள். இணைப்புகளில் இலவம்பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். குங்கிலியப் புகையில் காத்தான் மூன்று நாள் தும்மினான்.

படகு ஒரு சாண் அகலத்தில் முடிந்திருக்க வேண்டியது. நான்கு முட்டைக்கு அது போதும். ஆனால் பலகை தைக்கும் ஒவ்வொரு நாளும் செம்பாயிக்கு யாராவது ஞாபகம் வந்தார்கள்.

"நாமக்கோழிக்கு மூணு முட்டை. அதுக்கும் இடம் வேணும்" என்றாள்.

"அன்னிக்குக் கால்வலின்னு படுத்துக்கிட்டவளுக்கா?" என்றான் காத்தான்.

"கால்வலி அவளுக்குத்தான். முட்டைக்கு இல்லையே. ஆசாரியாரே, இந்தப் பக்கம் ஒரு பலகை சேருங்க."

மறுநாள் தாழைக்கோழிக்கு ஒரு பலகை சேர்ந்தது. அதற்கடுத்த நாள் உள்ளான் குடும்பத்துக்கு ஒன்று. ஏமாற்றியவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்த் திட்டில் இறக்கி, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கருணை பாதி, வீம்பு பாதி. இரண்டும் சேர்ந்து படகை நாலு சாண் அகலமாக்கின. வீட்டில் அதற்குமேல் இடம் இல்லாததால்தான் அத்தோடு நின்றது. படகில் ஏறி நடந்துதான் அடுப்படிக்கே போக வேண்டியிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் வானம் உடைந்து ஊற்றியது. இரண்டாம் நாள் காலையில் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. முட்டைகளை வைக்கோலில் பொதிந்து படகில் வைத்தார்கள்.

"இழுங்க!" என்றாள் செம்பாயி.

இழுத்தார்கள். படகின் மூக்கு வாசலில் முட்டியது. சாய்த்து இழுத்தார்கள். விலா முட்டியது. பின்னுக்குத் தள்ளித் திருப்பினார்கள். வால்பக்கம் முட்டியது.

வாசல் இரண்டு சாண். படகு நாலு சாண்.

செம்பாயி ஆசாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்யச் சொன்னே, செஞ்சேன். வெளியே எடுக்கணும்னு யாரு சொன்னா?" என்றார் அவர், ரொம்பச் சின்னக் குரலில்.

அப்போது வாசல் இருண்டது. முதலை வந்து முகவாயை வாசற்படியில் வைத்திருந்தது. உள்ளே இருந்த படகை அது மேலும் கீழும் பார்த்தது. பிறகு ஏரியே குலுங்கச் சிரித்தது.

"அடடா, செம்பாயி! நல்ல படகு. வீட்டுக்குள்ளயே ஓட்டிக்க. அடுப்புக்கும் திண்டுக்கும் நடுவுல போய்ட்டு வா."

தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நான் இங்கேயே இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. ஒண்ணைக் குடுத்தா மூணு பிழைக்கும். இல்லாட்டி நாலும் தண்ணியில. நீயே யோசிச்சுச் சொல்லு" என்று முதலை வாயைத் திறந்துவைத்துக்கொண்டது.

காத்தான் முதல் முட்டையைப் பார்த்தான், செம்பாயியைப் பார்த்தான். "மூணாச்சும் மிஞ்சுமே" என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

செம்பாயி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்கு வழி அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். அந்த வழியில்தான் மூன்று முட்டைகளும் போயின. அப்போது காலுக்கடியில் ஏதோ அசைந்தது. படகு. தண்ணீர் அதைத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கியிருந்தது. இன்னும் தூக்கிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஆசாரியாரே, கூரையைக் கட்டின கயித்தை அறுங்க."

காத்தானின் முகம் கறுத்தது. அந்தக் கூரை அவன் வேய்ந்தது. ஒவ்வொரு கோரையாக அலகில் சுமந்து இருபது நாள் வேய்ந்தான். "வீடு போயிடும், செம்பாயி" என்றான்.

"போகட்டும்."

ஆனாலும் மறுகோடிக்குப் போய்த் தானே முதல் கயிற்றை அறுத்தான். ஆசாரி இந்தப் பக்கம் கொத்தினார். தண்ணீர் சுவரின் தலையைத் தொட்டபோது செம்பாயி கடைசிக் கயிற்றை அறுத்தாள். கூரை மொத்தமும் மடமடவென்று சரிந்து படகின்மேல் விழுந்தது. ஆசாரி தப்பித்துப் பறந்து நாவல் மரத்தில் போய் ஒட்டிக்கொண்டார்.

உள்ளே கும்மிருட்டு. எங்கும் கோரை வாசனை. செம்பாயி தடவித் தடவி முட்டைகளை எண்ணினாள். நான்கு. எல்லாம் கதகதப்பாக இருந்தன. அவள் மூச்சு விடுவதற்குள், முழுகிய சுவரின் தலைக்கு மேலே படகு வழுக்கிக்கொண்டு வெளியேறியது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் படகு தெரியவில்லை. இடிந்த வீட்டின் கூரைக் குப்பை ஒன்று தண்ணீரில் மிதந்தது, அவ்வளவுதான்.

"வீம்பு பிடிச்சவ. வீடும் போச்சு, முட்டையும் போச்சு" என்று முதலை திரும்பி, அடுத்த வீட்டை நோக்கி நீந்தியது.

செம்பாயியும் காத்தானும் கோரைக்கடியில் தண்ணீருக்குள் இறங்கினார்கள். நீச்சல் தெரியாது. படகின் விளிம்பை அலகால் கவ்விக்கொண்டு, காலைப் பின்னால் நீட்டி உதைத்தார்கள். முதலை திரும்பும்போதெல்லாம் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முதல் தடவை மூச்சு முட்டியது. நாலாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நாமக்கோழி தன் வீட்டுச் சுவர்மேல் முதல் முட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். முதலை வருவதற்குள் கூரைக் குப்பை அவள் காலடியில் வந்து முட்டியது. கோரைக்கு நடுவிலிருந்து ஒரு செம்புக் கழுத்து எட்டிப் பார்த்தது.

"எல்லாத்தையும் உள்ள வை. சீக்கிரம்."

நாமக்கோழிக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, அன்னிக்கு நான் வரலியே..."

"வரலைதான். மொதல்ல முட்டையை வை. திட்டுறதை அப்புறம் திட்டுறேன்."

மூன்று முட்டைகளும் கோரைக்குள் போயின. சேர்த்து வைத்த பலகைக்கு அன்றைக்கு வேலை வந்தது. நாமக்கோழியும் தண்ணீரில் குதித்து உதைத்தாள். அவள் கால்களில் ஒரு வலியும் இல்லை.

முதலை வந்து பார்த்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. அது சந்தேகத்தோடு நாற்புறமும் பார்த்தது. தூரத்தில் பாறைமேல் கொக்கு நின்றது.

"ஏய் கொக்கு! அதோ போகுதே, என்ன அது? காத்துக்கு எதிரால்ல போகுது?"

கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது. உயரத்திலிருந்து அதற்கு எல்லாம் தெரிந்தது. கோரைக்கு அடியில் ஆறு கால்கள் உதைப்பது தெரிந்தது. கோரை இடுக்கில் முட்டைகளின் வெண்மையும் தெரிந்தது. கொக்கின் கண்ணும் செம்பாயியின் கண்ணும் ஒரு கணம் நேருக்கு நேர் சந்தித்தன. முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

"கூரைங்க ஐயா. வெறும் கூரை" என்றது கொக்கு.

கொக்குக்கும் கூடு உண்டு, கொக்கும் வருஷாவருஷம் முதல் முட்டையை அந்த வாயில் வைத்துவிட்டுத்தான் தண்டோரா போடக் கிளம்புகிறது என்பது செம்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது.

திட்டின் நாணல் புதரில் படகு போய்ச் செருகியபோது மழை விட்டிருந்தது. காத்தான் ஒரு நாணலை இழுத்துப் படகோடு கட்டினான். செம்பாயி கோரையை விலக்கிப் பார்த்தாள். ஏழு முட்டைகள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

அவள் நாமக்கோழியைத் திட்ட வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாக அடைத்துக்கிடந்த சிரிப்புதான் கிலுகிலுகிலுவென்று நீளமாக வந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. காத்தானும் சேர்ந்து சிரித்தான். அக்கரையில் தவளைகளுக்கு அது கேட்டது. அன்று அவர்கள் யாரும் சொல்லாமலே கத்தினார்கள்.

அடுத்த ஐப்பசியில் கரைமுழுக்கக் கூரைகள் மிதந்தன. எது குப்பை, எது வீடு என்று முதலைக்குத் தெரியவில்லை. யாராவது கொண்டுவந்து வைப்பார்கள் என்று வாயைத் திறந்தபடி கரையேறிப் படுத்தது. இன்றும் அப்படியேதான் வெயிலில் படுத்திருக்கிறது.

செம்பாயி மறுபடி கரையில் வீடு கட்டவில்லை. இரண்டு மழைக்குப் பிறகு பலகைகள் இற்று ஒவ்வொன்றாகக் கழன்று போயின. ஆனாலும் கோரை மிதந்தது. "என் வேலைப்பாடு எங்கே?" என்று ஆசாரி வந்து கோபித்துக்கொண்டார். உதைத்து உதைத்து அவள் கால்கள் உடம்பின் கடைக்கோடிக்குப் போய்விட்டன. தரையில் நடந்தால் தடுமாறுவாள். அவளுக்குத் தரையில் வேலையும் இல்லை.

அந்த மழைநாள் தொட்டுத்தான் முக்குளிப்பான் வாசலே இல்லாத வீட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு நாணலில் கட்டிவைக்கிறது. வெளியே போகும்போது முட்டைகளைப் பாசியாலும் கோரையாலும் மூடிவிட்டு, சத்தமில்லாமல் முழுகிப்போய், அப்பால் எங்கோ தலையைத் தூக்கிக் கிலுகிலுவென்று சிரிக்கிறது.