சரிவுக்குக் கொடுத்த பெயர்

"முட்டி உசரத்துக்குப் பனி கிடக்கு, டீச்சர். இன்னும் ஏன் சரிவைத் திறக்க மாட்டேங்கிறீங்க?"

கேட்டவள் ஜெசிந்தா. குன்னூர்க்காரி. கணவனின் வேலையோடு இந்த இமயமலை விடுதிக்கு வந்தவள், பனிச்சறுக்கு சொல்லித்தரும் யாங்சோமிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். குருவைவிட சிஷ்யைக்கு இரண்டு வயது கூட.

"என் பையன் ஜோயல் உயிரை எடுக்கிறான். இந்த வருஷம் முதல் ஆளாக அவன்தான் இறங்கணுமாம்."

யாங்சோம் சரிவின் உச்சியில் நின்று, கைகளை வாயருகே குவித்து, "ஓ..." என்றாள்.

"ஓ..." என்றது சரிவு.

"கேட்டியா? அடியில் பாறை இன்னும் விழிச்சிருக்கு. புதுப்பனி வெறும் போர்வை. குரலை முழுசா விழுங்கட்டும், திறக்கலாம்."

மறுநாள் யாங்சோம் கீழே கயிற்று வண்டியைப் பார்க்கப் போயிருந்தாள். ஜெசிந்தா தனியாக மேலே வந்தாள். "ஓ" என்று கத்தக் கூச்சமாக இருந்தது. நாள் முழுக்கக் கூப்பிடுகிற பெயர்தான் வாயில் வந்தது.

"ஜோயல்..."

பதில் இல்லை. சந்தோஷமாகத் திரும்பினாள்.

அப்புறம்தான் வந்தது. தாமதமாக. தணிந்த குரலில், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

"ஜோயல்..."

கீழே போய் ஜெசிந்தா சொன்னதைக் கேட்டு, வேலையாக இருந்த யாங்சோமின் கை நின்றது.

"பெயரையா கொடுத்தே?"

"எதிரொலிதானே டீச்சர். ஸ்கூல்ல சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"உங்க சிஸ்டர் இங்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தாங்களா?"

அதன்பின் விடாமல் பனி கொட்டியது. ஒரு காலை யாங்சோம் குரல் கொடுத்தாள். சரிவு விழுங்கிக்கொண்டது. மறுபடி கொடுத்தாள். அதுவும் திரும்பவில்லை. தடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள்.

"நான்தான் ஃபர்ஸ்ட்" என்று ஜோயல் பாய்ந்தான். சிவப்புத் தொப்பி சின்னதாகிக்கொண்டே போனது.

கீழிருந்து மூடுபனி ஏறியது. தொப்பியைக் காணோம்.

பிள்ளைகள் அடிவாரம் சேர்ந்ததும் அங்கிருப்பவர் மணி அடிப்பார். மணி அடிக்கவில்லை.

ஜெசிந்தா கைகளைக் குவித்தாள். உறை போட்ட ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

"கூப்பிடாதே."

கையைத் தள்ளினாள். "என் பிள்ளை, டீச்சர்."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ கூப்பிட்டா அதுவும் கூப்பிடும். பையன் எந்தப் பக்கம் திரும்புவான்?"

ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊன்றுகோல்களை அழுத்தி, வாய் திறக்காமல் வெள்ளைக்குள் இறங்கினாள்.

சறுக்குக் கட்டைகள் பனியைக் கீறுகிற சத்தம் மட்டும்.

பாதிச் சரிவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஜோயல்தான். தடத்தை விட்டு விலகி, இடது பக்கம் பார்த்தபடி நின்றிருந்தான். அவள் அவன் தோளைத் தொட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி இடது பக்கம் பார்த்தான்.

"அம்மா, நீங்க இங்கேயா இருக்கீங்க? அப்போ அங்கேயிருந்து கூப்பிடுறது யாரு?"