வேங்கை வீழ்த்திய வேழம்

பழியைத் தீர்த்தவர் யார் என்பதே இக்கதையின் வழக்கு. விடை அடியில் உள்ளது. கேள்வியை அடையும்வரை கண்கள் அங்கே செல்ல வேண்டா.

யானைக்கொடி உடைய கவிர்நாட்டின் மன்னன் வெற்பரசன், புலிக்கொடி உடைய மேழிநாட்டைப் போரில் வென்றான். புலிக்கொடியைக் கீழே விட மறுத்த இளைஞன் ஒருவனைத் தன் யானையைக் கொண்டு இடறிக் கொல்லச் செய்தான். பின்னர், அவ்விளைஞனின் தந்தையாகிய புலவர் நன்னாகனாரை அவைக்கு வரவழைத்தான்.

“இனி இரண்டும் ஒரே நாடு. நாட்டுக்கு ஒரு பாட்டு வேண்டும். என் வெற்றியை உம் வாயால் பாடும், புலவரே!”

புலவர் அழவில்லை, மறுக்கவும் இல்லை. “வேங்கை வீழ்த்திய வேழம் பாடுவோம்” என்று தொடங்கும் பாட்டை எழுதித் தந்தார். அரசன் மகிழ்ந்தான். விழாக்களிலும் பள்ளிகளிலும் அதுவே நாட்டுப் பாட்டாயிற்று. கவிர்நாட்டார், புலியை வீழ்த்திய யானையைப் பாடினர். மேழிநாட்டாரோ, புலியால் வீழ்த்தப்பட்ட யானையைப் பாடினர். தொடர் ஒன்றே, பொருள் இரண்டு. வென்றவர் தம் சாவைத் தாமே உரத்துப் பாடும்போது, தோற்றவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர், சிரிக்கமட்டும் மாட்டார்.

ஏழாண்டு கழிந்தது. வெற்றி விழாவில் அப்பாட்டுக்கு ஆடும்படி, புலவரின் மகள் கோதைக்கு ஆணை வந்தது.

“நான் எதை வீழ்த்தி ஆடுவது, அப்பா?”

“புலியை வீழ்த்தி ஆடு. நம்மவர்க்கு உண்மை தெரியும்.”

“அவனுக்குத் தெரியாதே! அண்ணனைக் கொன்றவன் நம் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறான். தலையாட்டுகிறவனுக்கு எங்கே வலிக்கும்?”

“அவன் பேரப்பிள்ளைகளும் இதையே பாடுவார்கள், மகளே. இதைவிட நீண்ட பழி உண்டா? நீ வெளிப்படுத்தினால் பாட்டே போய்விடும்.”

“போகட்டும். அவன் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும்.”

அவையில் கோதை யானையாக அசைந்து வந்தாள், புலியாகிப் பாய்ந்தாள், மறுபடி யானையானாள். முழங்கால்கள் மடிந்தன. துதிக்கையாக நீண்டிருந்த கை துவண்டது. அரியணைக்கு நேர் எதிரே அவள் தலை தரையில் சாய்ந்தது. உடன் பாடிக்கொண்டிருந்த அவை பாட்டைப் பாதியில் நிறுத்தியது. கிடந்தபடியே அவள் அரசன் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்திருந்தது.

அவளைக் கொன்றால், அவள் ஆடியதே பொருள் என்று ஊர் உறுதி செய்துவிடும். ஆகவே தந்தையும் மகளும் சிறையில் இடப்பட்டனர். பாட்டைத் தடை செய்யலாம் என்றார் அமைச்சர்.

“செய்தால், ஏழாண்டு ஏமாந்தவன் என்பார்கள். திருத்திவிடுவோம்” என்றான் அரசன்.

‘வேங்கையை வீழ்த்திய வேழம்’ என்று தானே ஓரெழுத்தைக் கூட்டினான். மறைந்திருந்த ‘ஐ’ உருபு வெளிப்பட்டதும் பொருள் ஒன்றாயிற்று. ஆனால், மிகுந்த எழுத்தால் தாளம் இடறியது. கவிர்நாட்டுப் பள்ளிகளில் பாட்டைப் புதிதாகக் கற்ற பிள்ளைகள், “இங்கே மட்டும் ஏன் ஐயா இடிக்கிறது?” என்று கேட்டனர். பழைய பாடத்தையும் அதன் மற்றொரு பொருளையும் சொல்லாமல் ஆசிரியர்களால் விடை கூற இயலவில்லை.

பொருளை மறைத்து வைத்த தந்தை, அதை ஆடிக் காட்டிய மகள், எழுத்தைக் கூட்டிய அரசன் ஆகிய மூவருள், இறந்தவனுக்காகப் பழி தீர்த்தவர் யார்?

விடை: மறைபொருளைத் தன் கையாலேயே நாடறியச் செய்தவன் என்பதால், அரசனே என்று பலர் விரைந்து சொல்வர். பிழை. அவன் இயற்றுதற் கருத்தா, செய்தவன் மட்டுமே. அவனைச் செய்வித்த ஏவுதற் கருத்தா கோதை. தந்தை அமைத்த பழி கூர்மையானதுதான். ஆயினும் பகைவன் மேனியில் அது படவே இல்லை. மகள் அதைப் பாய்ச்சினாள். வலி தாளாமல் அவன் இட்ட கட்டே அந்த ‘ஐ’. ஆண்டுதோறும் விழா நாளில், யானைநாடு முழுவதும் அந்த ஓரிடத்தில் தடுமாறுவது சிறைக்குள்ளும் கேட்டது. கோதை ஒருமுறையும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.