முற்றின பாகு

சந்தேகப்படுவதில் மாசிலாமணியை மிஞ்ச அந்த மடத்தில் ஆள் கிடையாது. விளக்கில் எண்ணெய் குறைந்தால் திரியையே முறைத்துப் பார்க்கிற மனிதர். அவரிடம் போய்க் குரு பிள்ளைகளுக்கு உருண்டை செய்து கொடுக்கிற வேலையை ஒப்படைத்திருந்தார்.

ஊரில் தட்டம்மை போட்டு ஓய்ந்திருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். வீட்டுக் கஞ்சி மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. அதனால் பயறும் கடலையும் வறுத்து இடித்து, வெல்லப் பாகில் உருண்டை பிடித்து, பிள்ளைக்கு ஒன்றாக மடத்து வாசலில் தினமும் கொடுத்தார்கள்.

பெரிய பிள்ளைகள் மெல்லத் தேறினார்கள். காத்தாயியின் மகன் துரைக்கண்ணு தேறவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் நழுவியது.

அப்படியென்றால் உருண்டை எங்கே போகிறது? மாசிலாமணி அவள் பின்னாலேயே போய் மறைந்து நின்று பார்த்தார். பிள்ளை இடுப்பில் இருக்க, காத்தாயி உருண்டையைத் தன் வாயில் வைத்துக் கடித்தாள்.

கையும் களவுமாகப் பிடித்துக் குருவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"புள்ளைக்குக் குடுத்ததை இவ திங்கிறா சாமி. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

காத்தாயிக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. "மென்னு குடுக்கிறேன் சாமி. அம்மையில புள்ளைக்கு வாயெல்லாம் புண்ணு. அவனால இதைக் கடிக்க முடியல."

"எப்படிக் கதை கட்டுறா பாருங்க!"

குரு மிச்ச உருண்டையைக் கையில் வாங்கிக் கல்தூணில் ஒரு தட்டுத் தட்டினார். தூண்தான் உடையும் போலிருந்தது.

"பாகு யாரு காய்ச்சினது?"

"நான்தான். நல்லா முத்தவிட்டு எடுத்தேன். இளம்பாகா இருந்தா வழியிலேயே ஆளாளுக்குக் கிள்ளித் தின்னுடுறாங்க. இப்ப ஒருத்தராலயும் கிள்ள முடியாது."

"புள்ளையாலயும் முடியல" என்றார் குரு.



குரு உருண்டை ஒன்றை இடித்து வெதுவெதுப்பான கஞ்சியில் கரைக்கச் சொன்னார். பிள்ளையை மடியில் வாங்கி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். முதல் வாயைத் துரைக்கண்ணு துப்பினான். அடுத்ததை விழுங்கினான். பிறகு அவனே வாயைத் திறந்தான். காத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இனிமே இவனுக்கு இப்படிக் கரைச்சுக் குடு. காத்தாயிக்குத் தனியா ஒரு உருண்டை குடு."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. குருவின் காதருகே குனிந்தார்.

"வாய்ப்புண்ணு நிசம்தான் சாமி. ஆனா மென்னதுல எவ்வளவு அவ தொண்டையில இறங்குச்சுன்னு யாரு கண்டா? பாதியைத் தின்னுட்டு நம்மகிட்ட பொய் சொல்லியிருந்தா?"

குரு பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார்.

"அப்ப, பசிச்ச ஒருத்தி சாப்பிட்டிருப்பா" என்றார்.