முயல் கேட்ட கேள்விகள்

மாயாண்டி என்ற குரங்கிடம் ஒரு படகு இருந்தது. மீன் பிடிக்கவோ சரக்கு ஏற்றவோ அல்ல. ஏரியில் உல்லாசமாகச் சுற்றிவரத்தான். அதற்குப் பச்சை வர்ணம் பூசி, தினமும் துடைத்து வைக்கும்.

ஒருநாள் பூவாத்தாள் என்ற முயலையும் அதன் இரண்டு குட்டிகளையும் அது படகில் ஏற்றிக்கொண்டது. அக்கரையில் இருக்கும் அருவியைப் பார்க்கப் புறப்பட்டார்கள். ஏரி மிகப் பெரியது. வழியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

பொழுது சாயும் வேளையில் வெள்ளை மணல் பரந்த ஒரு வளைவு தெரிந்தது. அதன் ஓரத்தில் கரும்பாறைகள் இருந்தன. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

“ஆகா! இன்று இங்கேதான் தூக்கம்!” என்று மாயாண்டி நங்கூரத்தை வீசியது.

முயல் படகோரம் வந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தது. குட்டிகளுக்கு நீந்தத் தெரியாது.

“அண்ணா, அடியில் இருப்பது மண்ணா, பாறையா?”

“எதுவாக இருந்தால் என்ன?”

“ஒரு தடவை தூக்கித்தான் பாருங்களேன்!”

மாயாண்டி அலுத்துக்கொண்டே கயிற்றை இழுத்தது. நங்கூரம் எதிலும் மாட்டாமல் சுலபமாக மேலே வந்தது. அதில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.

“பாறைதான் போலிருக்கிறது! காற்று அடித்தால் இது பிடித்து நிற்குமா?”

“காற்றா? ஓர் இலையாவது அசைகிறதா, பார்!”

அப்போது தலைக்கு மேலே ஒரு கொக்கு பறந்து போனது.

“கொக்கக்கா, எங்கே போகிறீர்கள்?” என்று முயல் கூவியது.

“தூங்கத்தான்! பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை இருக்கிறது.”

“இந்த இடம் நன்றாக இல்லையா?”

“பகலில் இரை பிடிக்க நல்ல இடம். இரவில் வடக்குக் காற்று வந்தால் மறைப்பே இல்லை. ஓடையில் இரண்டு பக்கமும் மேடு, அடியில் நல்ல சேறு!” என்று சொல்லிவிட்டுக் கொக்கு போய்விட்டது.

“நாமும் அங்கே போய்விடலாம், அண்ணா!”

“அந்தச் சேற்று நாற்றத்திலா? என் படகின் வர்ணம் என்ன ஆவது? பயந்தாங்கொள்ளி! வேண்டுமானால் நீ இறங்கிக்கொள்!”

முயல் கரையைப் பார்த்தது. அங்கே நரிகள் நடமாடும். இருந்தாலும் மாயாண்டி படகைக் கரையில் ஒட்டியதும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியது. பாறையைச் சுற்றி ஓடிப்போய், ஓடையோரத்தில் இருந்த ஒரு முட்புதருக்குள் ஒடுங்கிக்கொண்டது.

மாயாண்டி பழைய இடத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகில் காலை நீட்டிப் படுத்தது. “எல்லா இடமும் எனக்கே!” என்று சிரித்தது.

இருட்டிய பிறகு வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. நங்கூரம் வழுக்கிக்கொண்டே போனது. மாயாண்டி திடுக்கிட்டு எழுந்து கயிற்றைப் பிடித்து இழுத்தது. பலனில்லை. படகு பாறையில் மோதிப் பிளந்தது. பாறைமேல் தாவிய குரங்கு, “ஐயோ, என் படகு!” என்று அலறியது.

அந்த அலறல் முயலின் காதில் விழுந்தது. நரிப் பயத்தையும் மறந்து அது பாறை வரை ஓடி வந்தது.

“அண்ணா, இங்கே நிற்காதீர்கள்! என் பின்னால் வாருங்கள்!”

ஓடைக்கு வந்ததும் மாயாண்டிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மேலே காற்று இரைந்துகொண்டிருந்தது. கீழே தண்ணீரில் அலையே இல்லை. கொக்குகள் நிம்மதியாகத் தூங்கின. குட்டிகளும் தூங்கின.

“காற்று வரும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது, தங்கச்சி?”

“எனக்குத் தெரியாது, அண்ணா. அதனால்தான் கேட்டேன்.”

குரங்கு தலையைக் குனிந்துகொண்டது. “நீ கேட்டதற்கெல்லாம் சிரித்தேனே!” என்றது.

விடிந்ததும் அவர்கள் கரையோரமாக நடந்தே வீடு திரும்பினார்கள். அடுத்த கோடையில் மாயாண்டி வேறொரு படகு கட்டியது. அருவிக்குப் புறப்பட முதலில் முயலைத்தான் அழைத்தது. அன்று சாயங்காலம் நங்கூரத்தைக் கையில் எடுத்ததும் முயல் பக்கம் திரும்பியது.

“கேள், தங்கச்சி! எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள்!”

பயந்தவர் கேட்கும் கேள்வியைக் கேலி செய்து தள்ளுகிறவர், அதற்கான பதிலை ஆபத்து வந்த பிறகே தெரிந்துகொள்வார்.