வெண்காலியின் புல்வெளிக் குத்தகை

மலையடிவாரத்துப் புல்வெளி முழுக்க வெண்காலி என்ற காட்டெருமைக்குச் சொந்தம். பாட்டன் பூட்டன் சொத்து. முயல், மான், கௌதாரி எல்லாம் அங்கேதான் பிழைத்தன. வெண்காலிக்கு ஒரே ஒரு கன்று. நக்க உப்பில்லாமல் அது நோஞ்சானாய்க் கிடந்தது. அவளுக்கு ராப்பகலாய் அதே கவலை.

ஒருநாள் நரித் தரகன் வந்தான்.

"அக்கா! மலைக்கு அந்தப் பக்கத்துச் சிறுத்தைங்க வயிறு நிறைஞ்சவங்க. பொழுது போகாம, விளையாட்டுக்கு வேட்டையாட இடம் தேடுறாங்க. உன் புல்வெளியைக் குத்தகைக்கு விடு. மாசாமாசம் உப்புக்கட்டி வந்து விழும்!"

"முயலும் மானும் என்ன ஆகும், தம்பி?"

"அதுங்க உனக்கு மாமனா, மச்சானா? உன் புல்லை ஓசியில தின்னுதுங்க!"

அதுவும் சரிதான் என்று பட்டது அவளுக்கு. தலையாட்டிவிட்டாள்.

சொன்னபடி உப்பு வந்தது. கன்று தேறித் துள்ளியது. முயல்கள்தான் ஒவ்வொன்றாய்ச் செத்தன. பாவிகள் தின்னவாவது செய்தார்களா? கொன்றதைக் கொன்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள்! நாற்றம் அடித்தபோது வெண்காலி வேறு பக்கம் திரும்பி மேய்ந்தாள்.

நரி மறுபடியும் வந்தான்.

"அக்கா, ஒரு குறை! சிறுத்தை தலையைக் கண்டாலே இந்த ஆள்காட்டிக் குருவி கத்தித் தொலைக்குது. வந்தவங்க முகம் சுளிக்கிறாங்க. அதை விரட்டிடு!"

வெண்காலி தானே போய், தரையில் குருவி இட்டிருந்த முட்டைகளை மிதித்து நொறுக்கினாள்.

"அடிப்பாவி! முயலுக்கு மட்டுமா நான் கத்தினேன்?" என்று அழுதுகொண்டே பறந்துபோனது குருவி.

அப்புறம் புல்வெளியே அமைதியாகிவிட்டது. மிச்சமிருந்த மான்களும் தீர்ந்தன. ஒரு சாயங்காலம் கன்று தனியாகக் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. புதருக்குள் சிறுத்தை பதுங்கியிருந்தது. எச்சரிக்க ஒரு குரல் இல்லை.

வெண்காலி ஓடிவந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கன்றை ஒரு வாய்கூட யாரும் தின்றிருக்கவில்லை.

"ஐயோ, தம்பி! என் பிள்ளையைக் கொன்னுட்டாங்களே! அது முயலா, மானா?"

நரி தலையைச் சொறிந்தான். "எது யார் பிள்ளைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், அக்கா? முயலுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே! அழாதே, இந்த மாசம் ஒரு கட்டி சேர்த்துத் தரச் சொல்றேன்!"

ஊரார் பிள்ளையின் உயிரைக் குத்தகைக்கு விடுகிறவர், தன் பிள்ளைக்கு மட்டும் வேலி போட்டுக்கொள்ள முடியாது.