நான்காவது கன்று

மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்குப் புதிய தடுப்பூசி. இப்போது இருப்பது ஆறு மாதம்தான் காக்கிறது. இது ஒரு வருடம் காக்க வேண்டும்.

அதற்காக டாக்டர் பெனடிக்டா தினமும் சோதனைக் கொட்டிலுக்குள் போய்வந்தார். உள்ளே போனவர்கள் ஒரு வாரத்துக்கு வெளி மாடுகளை நெருங்கக்கூடாது. கிருமி ஒட்டிக்கொண்டு வரும். அவருக்கு அந்த ஒரு வாரம் முடிந்ததே இல்லை. மாட்டு டாக்டர்தான், ஆனால் வெளியே ஒரு மாட்டைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அவருடைய ஆராய்ச்சி மாணவன் தணிகைவேலும் அந்த மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை.

கொட்டிலில் நான்கு கன்றுகள். மூன்றுக்கு ஊசி. நான்காவதற்கு இல்லை. சில வாரங்கள் கழித்து நான்குக்கும் கிருமியை ஏற்றுவார்கள். அதன்பின் எதுவும் உயிரோடு வெளியே போகாது.

“ஒண்ணை மட்டும் எதுக்கு மேடம் சும்மா விடணும்?”

பெனடிக்டா அந்தக் கன்றின் காதுக்குப் பின்னால் சொறிந்தார்.

“வெள்ளச்சி,” என்றார். மற்ற மூன்றுக்கும் எண்தான்.

அவர் குளித்து வெளியேறியதும் தணிகைவேல் நான்காவதற்கும் ஊசி போட்டான்.

கிருமி ஏற்றிய பிறகும் நான்கும் தீவனம் தின்றன. எதற்கும் வாயில் நுரை இல்லை.

“எல்லாம் நல்லா இருக்கு மேடம்.”

பெனடிக்டா வெள்ளச்சியின் நாக்கை இழுத்துப் பார்த்தார். கொப்புளம் இல்லை.

“ஊசி போடாத இதுக்கும் வரலையே. ஊசி வேலை செஞ்சுதா, இல்ல நாம ஏத்தின கிருமியே செத்துக் கிடந்ததா? எப்படிச் சொல்லுவே?”



“அதுக்கும் போட்டுட்டேன் மேடம். எப்படியும் சாகப்போகுது. நோகாமப் போகட்டும்னு.”

அவர் திட்டவில்லை. கன்றுகளுக்குக் கடைசி ஊசி போட்ட அன்று வெள்ளச்சியின் தலை அவர் மடியில் இருந்தது.

எல்லாம் முதலிலிருந்து. லாரியில் வேறு நான்கு கன்றுகள் வந்தன. பெனடிக்டா மூன்று ஊசிகளை அவன் கையில் கொடுத்தார்.

“எதை விடலாம்? நீயே சொல்லு.”

ஒன்று அவனுடைய ரப்பர் பூட்ஸை நக்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினான்.

“பேரு?”

“காதுல நம்பர் இருக்கே மேடம்.”

“நோவு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கும், தணிகை. நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது.”